கால் பார்த்த பக்கம்

மலைப்பக்கத்து கிளப் ஒன்றில் கோல்ஃப் மார்க்கராகச் சேர்ந்திருக்கும் ஓர் இளைஞர் போன மாதம் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். தன்னிடம் ஆட்டம் பழக வரும் கனவான்களில் பலருக்கு டிரைவர் மட்டையால் அடிக்கும் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடிவிடுகிறது, தூரமும் வருவதில்லை, நீங்கள் இதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். மட்டையைப் பிடிப்பது முதல் வீசி முடிப்பது வரை ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. பாதங்களைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. அதனால் கடிதமாக இல்லாமல், நடந்தது நடந்தபடி இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த மைதானம் இப்போது இல்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு கிளப்பில் ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். நிலத்தை அளந்து கல் நட்டுவிட்டார்கள். எனக்கும் நாற்பத்தேழு வயதில் ஓய்வு கொடுத்தார்கள். புதுக்கோட்டைக்கு வெளியே, கறம்பக்குடி சாலையை ஒட்டிய செம்பொறை நிலத்தில் ஒன்பது குழிகள் கொண்ட மைதானம் அது. வெயில் காலத்தில் ஒரு புல் இருக்காது. குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து இழைத்து வைத்திருப்போம். ஆவாரஞ்செடியும் சூரைமுள்ளும் இருபுறமும் மண்டிக் கிடக்கும். பந்து அதற்குள் போனால் தேடி எடுப்பவன் கை கிழிந்துதான் வெளியே வருவான்.

ஆவூர் மிஷன் பள்ளியில் தொடங்கி ஸ்கூல் பைனல் வரை படித்தவன் நான். குமாஸ்தா வேலைக்குத்தான் கிளப்புக்குப் போனேன். அந்த இடம் நிரம்பிவிட்டது, மைதானத்தில் இருக்கிறாயா என்றார்கள். இருந்துவிட்டேன். நான்கு வருஷம் பந்து பொறுக்கியும், பை தூக்கியும், மட்டைகளுக்கு எண்ணெய் போட்டும், பிறகு துணை மார்க்கர் ஆனேன். எங்கள் தலைமை மார்க்கர் சாமிக்கண்ணு ஐயா. சென்னையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் இருபது வருஷம் வேலை பார்த்து வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது.

அவருடைய முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். டிரைவர் என்பது முதல் அடிக்கான மட்டை. பையில் இருப்பதில் அதுதான் நீளம். தலை மரத்தால் ஆனது. நீளம் கூடக்கூடப் பிழையும் கூடும். சாமிக்கண்ணு ஐயா எந்தக் கனவானுக்கும் எடுத்த எடுப்பில் டிரைவரைக் கொடுக்கமாட்டார். அவரிடம் இழைத்து வழவழவென்று ஆக்கிய இரண்டு மூங்கில் குச்சிகள் இருந்தன. ஒன்றைப் பந்துக்கு முன்னால், பந்து போக வேண்டிய திசை நோக்கி வைப்பார். இன்னொன்றை ஆட்டக்காரரின் இரண்டு கால் விரல் நுனிகளையும் தொடும்படி வைப்பார். இரண்டும் ரயில் தண்டவாளம் போல ஒரே போக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குச்சிகளை எடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து. அது சரியான பிறகுதான் ஈர மணலைக் கூம்பாகப் பிடித்து அதன்மேல் பந்தை வைப்பார். யார் உடம்பையும் தொடமாட்டார். மடக்கிய குடையின் முனையால் காட்டுவார். அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. ஆட்டக்காரர் பந்தருகே நின்று மட்டையைத் தரையில் ஊன்றிவிட்டால், அடித்து முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். ஒருமுறை அவர் காலருகே தேள் ஊர்ந்து வந்தது. அசையாமல் நின்றார். கனவான் அடித்து முடித்ததும்தான் குடையால் தள்ளிவிட்டார்.

"ஏங்கய்யா, கொட்டியிருந்தா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டேன்.

"எங்காலுக்குத்தானே வந்துச்சு, அவரு காலுக்கா வந்துச்சு?" என்றார்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் அது. கிளப்பின் முக்கிய உறுப்பினர்களில் ஒருவர் வக்கீல் நாராயணசாமி. நல்ல உயரம், கனத்த குரல், சொந்தச் சம்பாத்தியத்தில் மேலே வந்தவர். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்வரை அவர் வீச்சில் குற்றம் இருக்காது. முன்னே வரும்போது வலது தோள் முந்திக்கொள்ளும். மட்டை வெளியிலிருந்து உள்பக்கமாக வந்து பந்தைக் குறுக்கே சீவிவிடும். சீவின பந்து பம்பரமாகச் சுழன்று வலப்பக்கம் வளைந்து சூரைமுள்ளுக்குள் போகும். சாமிக்கண்ணு ஐயா ஒரு வருஷம் குச்சிகளை வைத்து அவரோடு மல்லுக்கட்டினார். வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த ஐப்பசியில் ஐயா முழங்கால் வாதத்துக்கு வைத்தியம் பார்க்கத் தஞ்சாவூர்ப் பக்கம் போனார். திரும்ப இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அவர் போன மறுநாளே வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா சூசை, ஒங்க பெரியவரு ஒரு வருசமாக் குச்சிய வச்சு எங்கால அளந்தாரு. தச்சன்கூட இம்புட்டு அளக்கமாட்டான். கிறிஸ்துமஸ் லீவுக்குத் திருச்சி வக்கீல் இங்க ஆட வாரான். அவனும் நானும் ஒரே கிளாஸ்ல படிச்சவங்க. கோர்ட்டுலயும் எனக்கு எதிர்த்தாப்புலதான் நிப்பான். அவன் முன்னாடி எம்பந்து முள்ளுக்குள்ள போகக்கூடாது. போச்சுன்னா, வேற மார்க்கரப் பாக்கலாம்னு கமிட்டில சொல்லிருவேன். பாத்துக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்பவர். எனக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பிலோமி, பதினோரு வயது, மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிலும் பயம் அதிகம். பிள்ளைகள் விஷயத்தில் சொல்லவே வேண்டாம். கிணற்றடிக்குப் போனால் பயம், சாலையைக் கடந்தால் பயம். வேலை போய்விடும் என்று ஒருவர் வாய் திறந்து சொன்ன பிறகு எனக்கு நின்று யோசிக்கத் தெம்பில்லை.

நான் செய்தது சின்னக் காரியம். "ஐயா, கொஞ்சம் இடப்பக்கமாத் திரும்பி நில்லுங்க" என்றேன். இரண்டு கால் விரல் நுனிகளையும் சேர்க்கும் கோடு குழியைப் பார்க்காமல், இடது பக்கத்து ஆவாரம் புதர்களைப் பார்த்தது. அவர் வழக்கம்போல் சீவினார். பந்து இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, நட்டநடுவில் விழுந்தது.

"அட பாவி மக்கா! ஒரு வருசமா இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

பதினைந்து நாள் சந்தோஷமாக இருந்தார். பிறகு தூரம் போதவில்லை என்றார். சீவின பந்து தூரம் போகாது, அது இயற்கை. தூரம் வேண்டுமென்றால் வீச்சைத் திருத்தியாக வேண்டும். அந்த வேலை எனக்குத் தெரியும். ஐயா இல்லாமலே அதைச் செய்து காட்டிவிட வேண்டும் என்ற ஆசையும் வந்தது.

மைதானத்தில் வைத்துத் திருத்தினால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று வக்கீல் வெட்கப்பட்டார். அதனால் கிளப் கொட்டகைக்குப் பின்னால் பழைய சாக்குகளைத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டேன். பத்தடி தூரத்திலிருந்து அதில் அடிக்க வேண்டியது. வலது அக்குளில் ஒரு கைக்குட்டையை இடுக்கிக்கொள்ளச் சொன்னேன். தோள் முந்தினால் கைக்குட்டை கீழே விழும். பந்துக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தேன். மட்டை வெளியிலிருந்து வந்தால் கொட்டாங்குச்சி சிதறும். முதல் வாரத்தில் கிளப் சமையல்காரர், "தேங்காய நாங்க தின்னா, கொட்டாங்குச்சிய நீங்க தின்னு தீர்க்கிறீகளேய்யா" என்று கேலி செய்தார். மூன்றாவது வாரம் கொட்டாங்குச்சி உடையவில்லை. கைக்குட்டை விழவில்லை. வக்கீல் மெதுவாகப் பின்னே கொண்டுபோய், இடுப்பை முதலில் திருப்பி, கையைப் பின்னால் வரவிட்டார். பந்தில் மட்டை படும் சத்தமே மாறிவிட்டது. சடசடப்பு போய், ஒற்றை வெட்டாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது.

சாக்குத்திரையில் அடித்த பந்து எந்தத் திசையில் போகும் என்று தெரியாது. திரையில் பட்டுத் தொப்பென்று விழுந்துவிடும். அவருடைய பாதங்கள் இன்னும் இடப்பக்கம் பார்த்துத்தான் நின்றன.

எனக்கு அது தெரியாமலில்லை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அதைப் பற்றி யோசித்தேன். இப்போது நிற்கும் விதத்தையும் மாற்று என்றால் மனிதர் குழம்பிப்போவார். எப்படியும் பலர் முன்னால் நிற்கும்போது படபடப்பில் பழைய சீவல் வந்துவிடும், பந்து நடுவில் விழுந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் சரிசெய்துகொள்ளலாம். இப்படி எண்ணிக்கொண்டு விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் குழியின் வலப்பக்கம் வண்டிப்பாதை ஓடியது. எங்கள் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் வலப்பக்கமே பந்தை விடுவதால், அங்கே சிவப்புக்கொடியோடு ஒரு காவலாள் நிற்பார். பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் "குனி! குனி!" என்று கத்துவோம். சுற்றுவட்டாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் முதற்கொண்டு எல்லாருக்கும் அது தெரியும். சத்தம் கேட்டதும் தலையைக் கையால் மூடி உட்கார்ந்துவிடுவார்கள். இடப்பக்கம் ஆவாரம் புதர்களுக்கிடையே ஓர் ஒற்றையடிப்பாதை. அங்கே கொடியும் இல்லை, ஆளும் இல்லை. பந்தும் போனதில்லை. பிலோமி மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் எனக்குச் சோறு கொண்டுவருவாள். "வண்டிப்பாதைப் பக்கம் வந்துராத ஆத்தா. இடப்பக்கத்துப் பாதையிலயே வா" என்று நான்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். தினமும் சொல்வேன்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சாமிக்கண்ணு ஐயா திரும்பி வந்தார். "வக்கீல் எப்பிடி ஆடுறாரு?" என்றார். "நீங்களே பாருங்கய்யா" என்றேன், பெருமையாக.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். திருச்சி வக்கீல் முதலில் அடித்தார். பந்து வலப்பக்கம் ஓரமாகப் போய் நின்றது. காவலாள் கொடியைத் தாழ்த்தினார். எங்கள் வக்கீல் வந்தார். நான் மணலைப் பிடித்துப் பந்தை வைத்தேன். அவர் கால்களை ஊன்றி, மட்டையைத் தரையில் வைத்தார்.

ஐயாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் வக்கீலின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாய் சற்றுத் திறந்தது. குடையைப் பிடித்திருந்த கை பாதி உயர்ந்தது. மட்டை தரையில் ஊன்றியாகிவிட்டது. அவர் பேசவில்லை.

வக்கீல் மெதுவாகப் பின்னே எடுத்தார். இடுப்பு முதலில் திரும்பியது. அந்த ஒற்றை வெட்டுச் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் அந்த மைதானத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த அடி அது. பந்து கொஞ்சமும் வளையவில்லை. அவர் கால் பார்த்த பக்கமே, இடப்பக்கத்து ஆவாரம் புதர்களை நோக்கி, தாழ்வாகப் பறந்தது.

புதர்களுக்கு மேலே ஒரு சிவப்பு ரிப்பன் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் லீவு விட்டுவிட்டார்கள், அவள் சீக்கிரமே வருகிறாள் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த அந்த வார்த்தையை நான் கத்தியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் தினமும் கத்திய வார்த்தை. என் வாயில் அது வரவில்லை. "பிலோமி!" என்று கத்தினேன்.

அப்பா கூப்பிடுகிறார் என்று அவள் நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

ஓடினேன். சூரைமுள் காலில் ஏறியது பிறகுதான் தெரிந்தது. தூக்குச்சட்டி உருண்டு சோறு செம்மண்ணில் கொட்டிக் கிடந்தது. அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது காதுக்குள்ளிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தூக்கப் போனவனை ஐயா பின்னாலிருந்து தோளைப் பிடித்து நிறுத்தினார். நொண்டிக்கொண்டே ஓடி வந்திருந்தார்.

"தலைய ஆட்டாத. மொதல்ல கழுத்துக்குக் கீழ கையக் குடு. சூசை! நான் சொல்றது கேக்குதா? கழுத்துக்குக் கீழ."

வக்கீலின் காரில் ஏற்றினோம். வக்கீல் அந்த மட்டையைக் கையில் பிடித்தபடியே முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தானே பட்டுச்சு... நல்லாத்தானே பட்டுச்சு..." என்று வழி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தார். "நாளைக்குப் பொழுது விடியட்டும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். என் மனைவி ஒரு பக்கம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் பிலோமியின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறினால் உயிர் போய்விடும் என்பதுபோல எண்ணினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு, "தண்ணி" என்றாள். அன்று சாயங்காலம் டாக்டர் வலது காதருகே கடிகாரத்தை வைத்துக் கேட்டார். அது ஓடுவது அவளுக்குக் கேட்கவில்லை. இன்றுவரை அந்தக் காது கேட்காது.

அதற்கடுத்த நாள் ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். முதல் அடி இடத்தில் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்தார். வக்கீலின் ஆணிச் செருப்புத் தடங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. தன் மூங்கில் குச்சிகளை எடுத்து, ஒன்றைக் குழியை நோக்கி வைத்தார். குனிய முடியாமல் குனிந்து, இன்னொன்றைத் தடங்களின் நுனியில் வைத்தார். இரண்டும் கத்தரிக்கோல்போல விலகிக் கிடந்தன.

"இது யாரு நிக்கவச்ச காலு?"

"நாந்தாங்க."

"அவரு கையத் திருத்துனது?"

"நாந்தாங்க."

"ரெண்டும் கோணலா இருந்தா பந்து நடுவுல விழுகும். ஒண்ணு மட்டும் திருந்துனா ஆளக் கொல்லும். இத நான் ஒனக்குச் சொல்லித் தரலயேடா." குச்சிகளைப் பொறுக்கி எடுத்தபடி, "பாத்துட்டுப் பேசாம நின்னேன் பாரு, எனக்கும் பங்கு உண்டு" என்றார். "கமிட்டிக்காரங்க நாளைக்கு வாராங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அது ஒன் வாயால வரணும்."

மறுநாள் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வக்கீலும் வந்தார். மூன்று நாளில் அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. ஐயா கதவோரம் நின்றார். வந்தவர்களில் ஒருவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"ஏம்மா, அந்தப் புதருப் பக்கம் எதுக்கும்மா போனே? அது நடக்குற வழி இல்லையே. யாராச்சும் அங்கிட்டு வரச் சொன்னாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிலோமி கட்டுப்போட்ட தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலங்க. நாவப்பழம் பொறுக்கப் போனேன்."

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். குழந்தை விளையாட்டாகப் புதருக்குள் வந்துவிட்டது, பந்து தவறி அந்தப் பக்கம் போய்விட்டது என்று முடிவானது. வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தப்புதாம்மா, நான் கோணலா அடிச்சுட்டேன்" என்றார். அப்போதும் நான் பேசவில்லை. கதவோரம் திரும்பிப் பார்த்தேன். ஐயா போய்விட்டிருந்தார்.

வேலை நிலைத்தது. அதன்பின் ஐயா என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. மறு வருஷம் முழங்கால் முடியாமல் விலகிக்கொண்டார், நான் தலைமை மார்க்கர் ஆனேன். வக்கீல் நாராயணசாமி பிறகு டிரைவரைத் தொடவே இல்லை. கோணலாக அடித்து ஒரு குழந்தையின் காதைக் கெடுத்தவன் என்ற எண்ணத்தோடுதான் யுத்தம் முடிந்த வருஷம் இறந்துபோனார். அவர் கோணலாக அடிக்கவில்லை. அவர் இருக்கும்போது நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது இது.

இளைஞருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பந்து வலப்பக்கம் வளைந்தால் காலை இடப்பக்கம் திருப்பிச் சமாளிக்கச் சொல்லாதீர்கள், யார் மிரட்டினாலும். பாதத்தை முதலில் நேராக வையுங்கள். பந்து முள்ளுக்குள் போகட்டும், போய்க்கொண்டே இருக்கட்டும். அதன்பிறகு தோளையும் கையையும் திருத்துங்கள். சாக்குத்திரையில் எத்தனை நாள் அடித்தாலும், கடைசி நாள் திறந்தவெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அடிக்கவைத்துப் பாருங்கள். அடிக்கப் போகிறவர் காலில் பிழை தெரிந்தால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், வாய்விட்டுக் கத்தி நிறுத்துங்கள்.

பிலோமி இப்போது மணமேல்குடியில் ஆசிரியையாக இருக்கிறாள். லீவுக்கு வந்திருக்கிறாள். இதை அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தேன். காகிதங்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, நல்ல காது என் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தியிருந்தாள்.

"ஏன் ஆத்தா அன்னைக்கு அப்பிடிச் சொன்னே?" என்று கேட்டேன். பத்து வருஷமாகக் கேட்காத கேள்வி.

"நீங்க அழுதுருவீங்கபோல இருந்துச்சுப்பா. அதான்" என்றாள். பிறகு, "மார்கழியில ஏதுப்பா நாவப்பழம்? அத அவங்க யோசிச்சு, திரும்ப வந்து ஒங்களக் கேப்பாங்களோன்னுதான் அன்னைக்குப் பூரா பயந்துக்கிட்டே படுத்திருந்தேன்" என்றாள்.